மாரினன் குடும்பத்தின் கடைசிக் காவல்

என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்களைத்தான் தேடி வருவார்கள். இனிமேல் சாகப்போகிற ஒருவரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி வந்தவர் மாலக்கி மாரினன் ஒருவர்தான்.

டப்ளினுக்கு மேற்கே, கிளேர் மாவட்டத்தின் கடலோரத்தில், மூடிப்போன ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் உட்கார்ந்து நான் வம்சம் தேடித் தருகிறேன். கோவில் ஞானஸ்நானப் பதிவேடுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நிலவரிப் பட்டியல், கப்பலேறியவர்களின் பட்டியல் எல்லாம் என்னிடம் உண்டு. கோடை வந்தால் அமெரிக்கர்கள் வருவார்கள். அவர்களில் ஒருத்தருக்குக்கூட முன்னோர் கூலிக்காரராக இருந்துவிடக் கூடாது. ராஜா வேண்டும், ராஜா கிடைக்காவிட்டால் தூக்கில் தொங்கிய புரட்சிக்காரராவது வேண்டும். "உங்க கொள்ளுத்தாத்தா வீட்ல ஒரு பன்னி இருந்துச்சு" என்று சொன்னால் முகம் தொங்கிவிடும். அந்தக் காலத்தில் பன்றி வைத்திருந்ததே பெரிய அந்தஸ்து என்று இவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

மாலக்கிக்கு எண்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொஞ்சம் மாடு, கொஞ்சம் சேறு, ஏகப்பட்ட பிடிவாதம். என் அலுவலகத்தை 'பொணக்கடை' என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. அக்டோபர் மாதத்து மழை நாள் ஒன்றில் வந்தார். வாசல் மிதியடியில் பூட்ஸை அவ்வளவு நேரம் தேய்த்தபோதே ஏதோ பெரிய விஷயம் என்று தெரிந்துவிட்டது.

"டிம்ப்னா, எங்க வம்சத்துல உசுரோட யாராச்சும் மிச்சம் இருக்காங்களான்னு பாத்துச் சொல்லு."

"எதுக்கு? நிலத்த எழுதி வைக்கவா?"

"நிலத்த எவனாச்சும் எடுத்துட்டுப் போறான். இது குழிக்கு."

"என்ன குழி?"

"என்ன குழியா? மனுசன் கடைசியில படுக்கிற குழி. நோனி எரியப் போறாளாம், கேள்விப்பட்டியா?"

கேள்விப்படாமல் என்ன? நோனி மாரினன் அதைத் தபால் அலுவலக வரிசையில் நின்று, காது கேளாத மிசஸ் ஹெஹிருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்திருந்தாள். செத்தால் தன்னைப் புதைக்கக் கூடாது, எரித்துச் சாம்பலைக் கடலில் போட வேண்டும், பணம்கூடக் கட்டியாயிற்று.

நோனி மாலக்கியின் சித்தப்பா மகள். எழுபத்தொன்பது வயது, அவளும் தனிக்கட்டை. ஒரே சாலையின் இரண்டு முனைகளில் இரண்டு பேரும் வாழ்கிறார்கள். முப்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு செம்மறிக் கிடா என்பதுவரை ஊரில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அந்தக் கிடா யாருடையது, யார் வேலியைத் தாண்டியது, யார் அதை என்ன வார்த்தை சொல்லித் திட்டினார்கள் என்பதற்கெல்லாம் ஆளுக்கொரு கதை உண்டு. ஊர் வரலாற்றைப் பதிவு செய்வது என் தொழில்தான், ஆனாலும் அதில் ஒன்றைக்கூட நான் பதிவு செய்யவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது.

குழி விஷயம் இதுதான். கடலைப் பார்த்த மேட்டில் எங்கள் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இடம் தீர்ந்துவிட்டதென்று நகராட்சி அதை எப்போதோ மூடிவிட்டது. அங்கே ஏற்கெனவே குடும்பக் கல்லறை இருந்தால், அந்த ரத்தத்தில் பிறந்தவர்களை மட்டும் புதைக்கலாம். நாலு குடும்பங்களுக்கு அந்த உரிமை இருந்தது. மூன்று அற்றுப்போயின. மாரினன்களிலும் பாதிப் பேர் கப்பலேறிப் போனார்கள், மீதிப் பேர் பெட்ரோல் பங்க் பக்கத்துப் புதுக் கல்லறையில் இடம் வாங்கிப் படுத்துவிட்டார்கள். அங்கே கார் நிறுத்த வசதி இருக்கிறது.

"நோனி எரிஞ்சா எரியட்டும். உங்களுக்கு என்ன?" என்றேன்.

மாலக்கி என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்குப் படிப்பு எதற்கு என்பது தெளிவாகவே இருந்தது.

"கடைசியா வந்தவன்தானே காவல் நிக்கணும்?"

எங்கள் ஊர்ப் பழைய நம்பிக்கை இது: கடைசியாகப் புதைக்கப்பட்டவர் கல்லறைத் தோட்டத்து வாசலில் காவல் நிற்க வேண்டும். உள்ளே படுத்திருக்கிறவர்களுக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும். அடுத்த பிணம் வந்தால்தான் அவருக்கு விடுதலை. வந்தவர் காவலை வாங்கிக்கொள்வார், இவர் போய் நிம்மதியாகப் படுக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரே நாளில் இரண்டு சவ ஊர்வலம் வந்துவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டப்பந்தயமே நடக்கும். நான் பட்டம் வாங்கியவள், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனால் என் அப்பாவைப் புதைத்த அதே வாரத்தில் ஊரில் இன்னொரு சாவு விழுந்தபோது, அப்பாடா என்று எனக்கு மனசு லேசானது உண்மை.

"இப்ப வாசல்ல நிக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

"எங்கண்ணன் சைனன். பத்துப் பன்னண்டு வருசமா நிக்கிறான் பாவம். முட்டி வலிக்காரன். நான் போனாத்தான் அவன் உக்காருவான். எனக்கு நெஞ்சு சரியில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அதனால சைனனுக்குக் கவலையில்ல. ஆனா எனக்கு அப்புறம் யாரு வருவா? நோனியும் சாம்பலாயிட்டா நான்தான் கடைசி. உலகம் அழியிற வரைக்கும் நானே நிக்கணும். இருநூறு வருசத்து மாரினன்களுக்குத் தண்ணி தூக்கணும். அத்தன பேரும் குடிகாரனுங்க, தாகத்துக்குக் கேக்கணுமா?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. சைனனைப் புதைத்த நாளிலிருந்து இந்த இரண்டு எதிரிகளும் ஒருவர் உடம்பை மற்றவர் காப்பாற்றி வந்தார்கள். பனி உறைந்த காலைகளில் நோனியின் வாசல் பாதையில் யாரோ மணல் தூவிவிட்டுப் போவார்கள். மாலக்கி வீட்டுப் புகைக்கூண்டில் நேரத்துக்குப் புகை வரவில்லையென்றால் நோனி டாக்டருக்குப் போன் போடுவாள். சளிக்காய்ச்சல் ஊசி போடும் நாளை ஒருவருக்கொருவர் தபால்காரர் வழியாகச் சொல்லி அனுப்புவார்கள். பங்குச்சாமியார் இதைப் பகையை வென்ற அன்பு என்று பூசையில் பிரசங்கமே வைத்தார். அன்பாவது மண்ணாவது. இரண்டு பேருக்கும் மற்றவர் தனக்குப் பின்னால் சாக வேண்டும், அவ்வளவுதான். நோனி எரியப்போகிறேன் என்று சொன்னதும் இந்த ஆட்டம் கலைந்துபோனது.

"சரி, தேடுவோம்" என்றேன்.

தேடுவோம் என்று சொல்வது சுலபம். மாரினன்களுக்குப் பெயர் வைக்கத் தெரியாது. தலைச்சன் பையனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் என்பது இங்கே சட்டம் மாதிரி. ஒரு மைக்கேலுக்கு நாலு மகன்கள் என்றால், நாலு பேரும் தங்கள் மூத்த பிள்ளைக்கு மைக்கேல் என்றே வைப்பார்கள். ஒரே ஊரில், ஒரே வயதில் நாலு மைக்கேல் மாரினன்கள். அதில் இரண்டு பேர் மனைவி பெயர் பிரிட்ஜெட். ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரோ, கோழி கிளறிய மாதிரி லத்தீனில் எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வயதை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1901 கணக்கெடுப்பில் நாற்பத்தெட்டு வயதாக இருந்த ஒரு கேத்தரின் மாரினன், 1911இல் எழுபத்தொன்று ஆகிவிட்டாள். நடுவில் அரசாங்கம் எழுபது வயதானவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்திருந்தது. அந்தப் பத்து வருஷத்தில் எங்கள் மாவட்டமே ஒரேயடியாகக் கிழடுதட்டிப் போனது. அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் ஒரு பங்கு டப்ளினில் உள்நாட்டுச் சண்டையில் எரிந்தது, மற்றதை அதற்கு முன்பே அரசாங்கம் காகிதக் கூழாக்கிவிட்டிருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் மாலக்கி வந்து என் பக்கத்தில் உட்காருவார். உதவி செய்யத்தான் வருகிறார் என்று அவர் நினைப்பு.

"இந்த மைக்கேல் யாரு?" என்று கேட்பேன்.

"இவன் படகு மைக்கேல். உருப்படாதவன்."

"இவரு?"

"இவன் நாய் மைக்கேல். இவனும் உருப்படல."

"உங்க குடும்பத்துல உருப்பட்டவங்க யாராச்சும் உண்டா?"

"எல்லாரும் அமெரிக்கா போயிட்டாங்க."

போனவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தேன். ஆஸ்திரேலியாவுக்குப் போன கிளை, பரம்பரை பரம்பரையாக எரித்துக்கொள்கிறது. மாலக்கி அந்தக் காகிதத்தைத் தொடக்கூட மாட்டேன் என்றார். பாஸ்டனில் ஒருவர் அகப்பட்டார், வயது தொண்ணூற்றிரண்டு.

"வேணாம், எனக்கு முன்னாடி போயிருவான். எனக்கு அப்புறம் சாகணும், ஆனா கண்டிப்பா சாகணும்."

"எல்லாரும் கண்டிப்பா சாகத்தான் செய்வாங்க, மாலக்கி."

"அமெரிக்காக்காரங்கள நம்ப முடியாது."

கடைசியில் சபீனா கிடைத்தாள். மாலக்கியின் தாத்தாவுக்குத் தங்கை. பத்தொன்பது வயதில் கப்பலேறி, மொன்டானா மாநிலத்துச் செம்புச் சுரங்க ஊர் ஒன்றுக்குப் போய், அங்கே ஒரு பின்லாந்துக்காரனைக் கட்டிக்கொண்டவள். அவளுடைய பேரன் வெண்டல் ஹார்ஜு. மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. நான் எழுதிய கடிதத்துக்கு ஆச்சரியக்குறிகளாகவே பதில் எழுதினார்.

கணினியில் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தேன். மாலக்கி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். திரையில் சிவந்த முகமும் பெரிய மீசையுமாக வெண்டல் தோன்றியதும், சந்தையில் காளையைப் பார்க்கிற மாதிரி முன்னால் குனிந்தார்.

"பல்லு எல்லாம் சொந்தப் பல்லா?"

வெண்டல் சிரித்தார். "ரெண்டு போச்சு அண்ணே, மிச்சமெல்லாம் சொந்தம்தான்!"

"வீட்ல மாடிப்படி உண்டா? ஏறுனா மூச்சு வாங்குதா?"

"தெனம் நாலு மைல் நடக்கிறேன்."

"குடிப்பியா?"

"விட்டு இருபது வருசமாச்சு."

மாலக்கி என் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்காது என்ற நினைப்பில், "அருமையான உருப்படி" என்றார்.

வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் உடம்பப் பத்தி இவ்வளவு அக்கறையா யாரும் கேட்டதே இல்ல. சொந்தம்னா சொந்தம்தான்" என்றார். நான் குனிந்து மேசையடியில் பேனாவைத் தேடுவதாக நடித்தேன்.

ஏப்ரலில் வெண்டல் வந்தார். இரண்டு பேரையும் என் காரில் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காற்று பிய்த்துக்கொண்டு போனது. மாரினன் கல்லறைக்கு முன்னால் வெண்டல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பாட்டி சபீனா சாகும்வரை இந்த மேட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாளாம்.

"உனக்குப் பிடிச்சிருக்கா? உனக்கும் இங்க இடம் உண்டு. டிம்ப்னா எல்லாத்தையும் எழுத்துல நிரூபிச்சிட்டா. எப்ப வேணும்னாலும் வரலாம். ஆனா அவசரப்படாத" என்றார் மாலக்கி.

வெண்டல் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாலக்கியை யாரும் அப்படிக் கட்டிப்பிடித்து அநேகமாக அறுபது வருஷம் ஆகியிருக்கும். கம்பம் மாதிரி நின்றார். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது. அவருக்கோ வாய் மூடவில்லை. பொய் சொல்லி மாடு விற்ற பழக்கம் அவருக்கு இல்லை, அதனால்தான் ஏழையாகவே இருந்தார்.

"இங்க பாரு தம்பி. ஒண்ண மறைச்சிட்டேன்" என்று ஆரம்பித்து, காவல், தண்ணீர், சைனனின் முட்டி, எரியப்போகிற நோனி என்று ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

வெண்டல் முதலில் சிரித்தார். பிறகு மாலக்கியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"காவல் நிக்கிறதுல எனக்கு ஒண்ணும் பயமில்லண்ணே. பனியில கம்பத்து மேல நின்னவன் நான். ஆனா என்னால வர முடியாது. அங்க என் பொண்டாட்டி இருக்கா. மார்லீன். போய் ஆறு வருசமாச்சு. கல்லுல அவ பேருக்குப் பக்கத்துல என் பேரையும் வெட்டியாச்சு, தேதிதான் பாக்கி. நான் இங்க வந்து படுத்துட்டா, அவ எங்க போய்த் தேடுவா?"

மாலக்கி வெண்டலின் கோட்டுக் கையை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். எத்தனையோ பேருக்கு வம்சம் தேடிக் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு தூரம் பின்னால் போனாலும், மனுஷனுக்குத் தன் சொந்த மண் என்பது தான் நேசித்த ஒருத்தர் படுத்திருக்கிற இடம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அத்தனை மாதம் தேடியதெல்லாம் வீண் என்று எரிச்சலும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

வெண்டலை விடுதியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாலக்கி, சாலை பிரிகிற இடத்தில் திடீரென்று, "இடது பக்கம் திருப்பு" என்றார்.

"அது நோனி வீட்டுக்குப் போற வழி."

"எனக்கு வழி தெரியாதா? திருப்பு."

நோனி கதவைத் திறந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. மெலிந்து, நெட்டையாக, மூக்கு மாலக்கிக்கு இருக்கிற அதே மூக்கு. முப்பது வருஷத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை இது:

"என்ன, செத்துட்டியா? பேயா வந்திருக்கியா?"

மாலக்கி தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

"நோனி, நீ மொதல்ல போ."

"எங்க?"

"அங்கதான். நீ மொதல்ல செத்துப் போ. நான் அப்புறமா வர்றேன்."

நோனி என்னைப் பார்த்தாள். "டிம்ப்னா, இவன் மாத்திர போட்டானா இல்லையா?"

"நல்லதுக்குத்தான் சொல்றேன்!" என்று மாலக்கி கத்தினார்.

"முப்பது வருசம் வாயத் தொறக்காம இருந்துட்டு, செத்துப்போன்னு சொல்லவாடா என் வாசல்ல வந்து நிக்கிற?"

"சொல்றதக் கேளு, பிசாசே! நீ எதுக்கு எரியறேன்னு கெளம்புனன்னு எனக்கு இன்னிக்குத்தான் வெளங்குச்சு. உங்கம்மா தொண்ணூத்தேழு வரைக்கும் இருந்தா. உங்க சித்தி தொண்ணூத்திமூணு. எனக்கோ நெஞ்சு ஓட்ட. நீதான் கடைசி, உனக்கே அது தெரியும். தனியா வாசல்ல நிக்கணுமேன்னு பயந்துட்ட. அதான் நெருப்புல போய் ஒளியப் பாக்கிற."

நோனி அவரை விட்டுவிட்டு, கல்லறை மேட்டின் பக்கம் பார்த்தாள்.

"பயப்படாத. நான் எப்படியாச்சும் உசுரப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ போய் சைனன விடுவி. உனக்குப் பின்னாடி நான் வந்து நிக்கிறேன். ஆம்பள, எனக்கு ஒண்ணும் இல்ல. நீ உங்கப்பா பக்கத்துல படுத்துக்க" என்றார் மாலக்கி.

மழை தூற ஆரம்பித்தது. நோனி கை மாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ரொட்டி கருகுது" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

நாங்கள் கார் பக்கம் திரும்பினோம். கதவு மறுபடியும் திறந்தது.

"உள்ள வந்து தொலைங்க ரெண்டு பேரும். அவன் நனைஞ்சான்னா எனக்கு முன்னாடி போயிருவான்."

அந்தக் கோடை முழுவதும் மாலக்கி சாகாமல் இருப்பதைத் தொழிலாகவே செய்தார். வெண்ணெயை விட்டார். காலையில் கடற்கரை வரைக்கும் நடந்தார். பின்னாலேயே நோனி, "வேகமா நடக்காத, மெதுவாவும் நடக்காத" என்று திட்டிக்கொண்டு போவாள். சாயங்காலம் அவள் வீட்டில் சீட்டாட்டம். கிடாவைப் பற்றி மட்டும் பேசக் கூடாது என்று ஒப்பந்தம். வாரத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் உடையும், மாலக்கி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புவார், வாசல் தாண்டுவதற்குள் அவள் மாத்திரையை நீட்டுவாள். பங்குச்சாமியார் இரண்டாவது பிரசங்கத்துக்குத் தயாரானார். இந்த முறை அவர் சொல்லப்போவது சரி என்றே எனக்குப் பட்டது.

எரியும் திட்டத்தை மட்டும் நோனி விடவில்லை. "நீ சொன்னத யோசிக்கிறேன்" என்பாள். "யோசிச்சிக்கிட்டே இருந்துராத, நான் எத்தன நாள் தாங்குவேன்?" என்பார் அவர். "என்னைய அவசரமா சாகச் சொல்றியா?" என்று அவள் எகிறுவாள். அதற்கு மேல் பேச்சு நகராது.

மாலக்கி ஆகஸ்ட் கடைசியில் போனார். நோனி வீட்டு மேசையில், ஆட்டத்தின் நடுவில், சீட்டைக் கையில் பிடித்தபடியே தலை சாய்ந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது நோனி அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"ஏமாத்திட்டான். இருக்கேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டான்" என்றாள்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. வெண்டல் மொன்டானாவிலிருந்து, மாரினன் கல்லறையைவிடப் பெரிய மலர்வளையம் ஒன்று அனுப்பியிருந்தார். சாமியார் செபத்தை முடித்தார், மண் விழுந்தது, எல்லோரும் பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் காத்திருந்த விடுதியை நோக்கி நடந்தார்கள். நோனி மட்டும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடல் காற்றில் அவளுடைய கறுப்புக் கோட்டு படபடவென்று அடித்தது. கூட்டிக்கொண்டு போக நான் திரும்பி வந்தேன்.

வாசலுக்கு உள்பக்கம், யாருமில்லாத ஒரு இடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த எரிக்கிற ஆளுங்களுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிரு" என்றாள்.

"நோனி..."

"சைனன் இன்னிக்குத்தான் உக்காந்திருப்பான். இப்ப இவன் நிக்கிறான். நெஞ்சு சரியில்லாதவன், இந்தக் காத்துல எத்தன நாளைக்கு வாளி தூக்குவான்? நான் வந்துதானே அவன அனுப்பணும்? வேற யாரு இருக்கா?"

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்: "அப்புறம் உங்களுக்கு யாரு வருவா? நான் இன்னும் தேடிப் பாக்கட்டுமா? கனடாப் பக்கம் ஒரு கிளை..."

"ஒண்ணும் தேடாத. எனக்கு அப்புறம் யாரும் வேணாம். நின்னுக்கிறேன். ஆனா எவனுக்கும் தண்ணி கிண்ணி தூக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். கை காலு இருக்குல்ல? வேணும்னா எந்திரிச்சி வந்து மொண்டு குடிக்கட்டும்."

நான் அழுதுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் விழுந்துவிடுவேன் என்பதுபோல. இரண்டு பேருமாகக் கார் வரைக்கும் நடந்தோம். கதவைத் திறந்துவிட்டேன். அவள் ஏறாமல் திரும்பி, மறுபடி அந்த வாசலைப் பார்த்தாள்.

"ஆனா அவசரம் ஒண்ணும் இல்ல. முப்பது வருசம் எங்கூடப் பேசாம இருந்தான்ல? கொஞ்ச நாள் நிக்கட்டும்" என்றாள்.